வெள்ளையில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி வைத்த சின்ன விட்டில்: பெயர் சொல்லுங்களேன்

நாணல்

வணக்கம். மூன்று படம் இணைத்திருக்கிறேன். கைபேசியில் எடுத்தவை, மூன்றாவது கலங்கல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை ஒன்பது மணி வாக்கில் புல்லுக்குள் நடந்துகொண்டிருந்தேன். காலடியிலிருந்து வெள்ளையாக ஏதோ எழும்பி நாலைந்து அடி தள்ளிப்போய் உட்கார்ந்தது. பறக்கும்போது வெறும் வெள்ளை. கிழித்துப்போட்ட காகிதம் காற்றில் போகிறது என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்த பிறகு குனிந்து பார்த்தால் வேறு கதை. பால் வெள்ளையில் சிவப்புப் பொட்டு வரிசை, அதற்கு இடையிடையே பொடிப்பொடியாகக் கறுப்பு மைப்பொட்டு. தலையிலும் முதுகிலும்கூட அதே வேலைப்பாடு.

உட்கார்ந்திருக்கும்போது நீளம் 2 செ.மீ. இருந்தால் அதிகம். இறக்கையை மேலே கூப்பவும் இல்லை, தட்டையாக விரிக்கவும் இல்லை. பீடி சுற்றுகிற மாதிரி உடம்பைச் சுற்றிச் சுருட்டிக்கொண்டது.

கைபேசிச் செயலி ஒன்று "யூட்டித்தீசா ஆர்னாட்ரிக்ஸ்" என்று 90-க்கு மேல் மதிப்பெண் போட்டுத் தந்தது. தேடிப் பார்த்தால் அது அமெரிக்கக் கண்டங்களில் இருக்கும் பூச்சி என்கிறார்கள். நான் இருப்பது ஆசியாவில், வெப்பமான சமவெளி. அதற்குமேல் இடத்தைப் பொதுவில் போட விருப்பமில்லை.

இது என்ன?

மழைத்துளி

என்ன அழகு! பட்டாம்பூச்சிதானே அக்கா? பகலில் பறக்கிறதே.

செதில்

மழைத்துளி, பகலில் பறப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். பகலில் சுற்றும் விட்டில்கள் நிறைய உண்டு. இரண்டாவது படத்தைப் பெரிதாக்கி உணர்கொம்பைப் பாருங்கள். பட்டாம்பூச்சிக்கு நுனி குண்டூசித் தலை மாதிரி தடித்திருக்கும். இதற்கு நூல் மாதிரி நுனிவரை மெலிந்துகொண்டே போகிறது. இறக்கையைச் சுருட்டி உட்காரும் பழக்கமும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம், இது அந்துப்பூச்சிதான்.

கற்றாழை

ஒரு சின்ன சந்தேகம். அந்து என்றால் தானியத்தில் வருமே, அந்த மங்கிய பூச்சி இல்லையா? இவ்வளவு பளபளப்பான ஒன்றைப் போய் அந்து என்று சொல்ல மனசு வரவில்லை.

செதில்

நியாயம்தான். நெல்லிலும் அரிசியிலும் வருகிற அந்தைப் பார்த்து வைத்த பெயர், இன்றைக்கு மொத்த வகைக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. விளக்கில் வந்து விழுகிறவற்றை விட்டில் என்கிறோம்; சிலர் வெட்டுக்கிளியையும் விட்டில் என்பார்கள். எதைச் சொன்னாலும் யாராவது முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். நான் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவேன், திருத்தாதீர்கள்.

புதர்க்குயில்

ஆர்ஜினா ஆஸ்ட்ரியா. கிலுகிலுப்பைச் செடியில் நிறையப் பார்த்திருக்கிறேன். புள்ளி போட்ட சின்ன விட்டில் என்றாலே அதுதான்.

ஒளித்திரை

இல்லை புதர்க்குயில். ஆர்ஜினாவின் அடி நிறமே ஆரஞ்சு. அதன்மேல் கறுப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வளையம். பார்த்தால் சிறுத்தைத் தோல் ஞாபகம் வரும். நாணல் போட்ட படத்தில் அடி நிறம் வெள்ளை. சிவப்பும் கறுப்பும் தனித்தனிப் புள்ளிகள், வளையமே கிடையாது.

ஆனால் நீங்கள் குழம்பியதற்கும் காரணம் இருக்கிறது. இரண்டும் ஒரே கூட்டத்து ஆட்கள், ஒரே செடியிலும் இருக்கும்.

மழைத்துளி

அப்போ அட்டேவா? அதுவும் இப்படித்தான் சுருட்டிக்கொண்டு உட்காரும் என்று ஒரு படத்தில் பார்த்தேன்.

ஒளித்திரை

நல்ல யூகம், நிறம்தான் தலைகீழ். அட்டேவாவுக்கு ஆரஞ்சுத் தரையில் வெள்ளைப் புள்ளிகள். அது முற்றிலும் வேறு குடும்பம். சுருட்டி உட்காரும் பழக்கம் மட்டும்தான் பொது. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸே இதில் ஏமாந்திருக்கிறார். 1758-இல் நம் படத்துப் பூச்சியின் சொந்தக்காரர்களுக்குப் பெயர் வைத்தபோது, சுருட்டிய இறக்கையைப் பார்த்துத் துணி அரிக்கிற சின்ன அந்துகளோடு "டீனியா" பிரிவில் சேர்த்துவிட்டார். அதனால் கவலைப்படாதே தம்பி, நல்ல கூட்டாளிதான்.

மழைத்துளி

தங்கை. :)

ஒளித்திரை

மன்னிக்கவும் தங்கை. பூச்சியில் ஆண், பெண் பார்க்கத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை.

செதில்

சரி, விஷயத்துக்கு வருவோம். பேரினம் யூட்டித்தீசா என்பதில் எனக்கு ஐயமில்லை. செயலி அதுவரை சரி. ஆர்னாட்ரிக்ஸ் என்றதுதான் தவறு. அதன் முன்னிறக்கை பெரும்பாலும் ஆரஞ்சோ வெளிறிய ரோஜா நிறமோ கலந்தது, பின்னிறக்கை நல்ல இளஞ்சிவப்பு. பயிற்சிக்குக் கொடுத்த படங்களில் எது அதிகமோ அதன் பக்கம் செயலி சாயும். இடத்தைக் கணக்கில் எடுக்காத செயலி என்றால் இந்தத் தவறு வந்தே தீரும்.

பழைய நூல்களில் இதை ஆர்க்டிடே குடும்பம் என்று பார்ப்பீர்கள். இப்போது எரிபிடே குடும்பத்துக்குள் ஆர்க்டினே என்கிற துணைக்குடும்பமாக வைத்திருக்கிறார்கள். கிரேக்கத்தில் ஆர்க்டோஸ் என்றால் கரடி. இவற்றின் புழுக்கள் ரோமம் போர்த்தியவை, அதனால் வந்த பெயர்.

நாணல், உங்களிடமிருந்து இன்னும் கொஞ்சம் வேண்டும். பின்னிறக்கை தெரிகிற படம் உண்டா? உட்கார்ந்திருந்த செடி எது? அதைத் தொட்டீர்களா? தொட்டிருந்தால் என்ன செய்தது?

நாணல்

கடைசிக் கேள்வியை எப்படிக் கேட்டீர்கள் என்று ஆச்சரியமாக இருக்கிறது.

இன்று காலை மறுபடி போனேன். அதே இடத்தில் ஏழெட்டு இருந்தன. ஒன்றைக் கண்ணாடி டம்ளர் கவிழ்த்துப் பிடித்து, அடியில் அட்டையைச் செருகிக்கொண்டேன். பறந்து தப்பப் பார்க்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு அவசரமும் இல்லை. நாலு சுற்று நடந்தது, நின்றுவிட்டது. புல்லின் நுனியால் முதுகை லேசாகத் தொட்டேன். தலைக்குப் பின்னால், கழுத்து என்று சொல்லலாமா தெரியவில்லை, அந்த இடத்தில் மஞ்சளாக ஒரு நுரைக் குமிழி கிளம்பியது. சோப்பு நுரை மாதிரி பொடிக் குமிழிகள், கடுகு அளவுக்குப் பொங்கி நின்றது. நான் ஏதோ நசுக்கிவிட்டேன் என்று பதறிப்போனேன். கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காதது போல மறுபடி நடக்கத் தொடங்கியது.

பின்னிறக்கை: டம்ளரைத் திறந்தபோது ஒரு கணம் இறக்கையை விரித்தது. வெள்ளை. வெளியோரம் முழுக்கக் கறுப்புக் கரை. கரையின் உள்பக்கம் நேர்கோடாக இல்லை, மை ஊறிப் பரவியது போல நெளிநெளியாக இருக்கிறது. நடுவில் ஒரு சின்னக் கறுப்புக் குறி. படம் இணைத்திருக்கிறேன். இளஞ்சிவப்பு துளிகூட இல்லை.

செடி: தேள்கொடுக்கு. பூக்காம்பு தேள் வால் மாதிரி நுனியில் சுருண்டிருக்குமே, அது. பாதிச் செடிகள் காய்ந்து நிற்கின்றன. காய்ந்த செடிகளில் வரியன் வகைப் பட்டாம்பூச்சிகளும் மொய்த்துக்கொண்டிருந்தன. பூவே இல்லாத காய்ந்த குச்சியில் அவற்றுக்கு என்ன வேலை என்று புரியவில்லை.

செதில்

அருமை. நீங்கள் எதையும் நசுக்கவில்லை. அந்த நுரைதான் அதன் ஆயுதம். அது வெறும் எச்சில் இல்லை, உடம்பின் இரத்த நீர்மம் காற்றோடு கலந்து வருவது. நஞ்சு கலந்த நுரை.

தேள்கொடுக்கிலும் கிலுகிலுப்பையிலும் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்று ஒரு வகை நஞ்சு இருக்கிறது. மேய்கிற கால்நடைக்குக் கல்லீரல் கெடும் என்பதால் இந்தச் செடிகளுக்குக் கெட்ட பெயர். இந்த விட்டிலின் புழு அதைத் தின்று, செரித்து அழிக்காமல் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். புழுவிலிருந்து கூட்டுப்புழு, கூட்டுப்புழுவிலிருந்து விட்டில் என்று நஞ்சு கூடவே போகும். அதனால்தான் உங்கள் டம்ளருக்குள் அவ்வளவு நிதானம். "என்னைத் தின்றால் நீதான் வருந்துவாய்" என்று சிவப்பிலும் கறுப்பிலும் விளம்பரம் எழுதி ஒட்டிக்கொண்டு திரிகிற பூச்சி எதற்கு ஓட வேண்டும்?

வரியன்களும் அந்த நஞ்சுக்காகத்தான் வருகின்றன, பெரும்பாலும் ஆண்கள். காய்ந்த, வாடிய செடியில் உறிஞ்சி எடுத்துப்போய், பெண்ணைக் கவரும் மணப்பொருளைத் தயாரிக்க மூலப்பொருளாக்கிக்கொள்கின்றன.

புதர்க்குயில்

இந்த விஷயத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஐஸ்னரும் ஜெரால்ட் மெயின்வால்டும் செய்த வேலையைப் படித்தால் தூக்கம் வராது. அவர்கள் எடுத்துக்கொண்டது செயலி சொன்ன அந்த ஆர்னாட்ரிக்ஸ்தான்.

அந்த விட்டில் பெரிய சிலந்தி வலையில் மாட்டினால், சிலந்தி ஓடிவந்து தொட்டுப் பார்க்கும். அப்புறம் கடிக்காமல், சுற்றியிருக்கும் இழைகளை ஒவ்வொன்றாக அறுத்து விட்டிலைக் கீழே விழவிடும். நஞ்சில்லாத பயறு உணவு கொடுத்து வளர்த்த விட்டில்களை வலையில் போட்டபோது அதே சிலந்தி தயங்காமல் தின்றுவிட்டது. நிறம் இரண்டுக்கும் ஒன்றுதான், உள்ளே சரக்குதான் வேறு.

இன்னொன்று. ஆண் இணைசேரும்போது விந்துப்பையோடு தன் நஞ்சிலும் ஒரு பங்கைப் பெண்ணுக்குக் கொடுக்கிறது. அந்தப் பையின் எடை ஆணின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். பெண் அதைத் தன் பங்கோடு சேர்த்து முட்டைக்குள் வைக்கிறது. முட்டைக்கு அப்பா வீட்டுச் சீரும் அம்மா வீட்டுச் சீரும் சேர்ந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கற்றாழை

சீர் கொடுக்க வக்கில்லாத ஆண் என்ன செய்வான்?

புதர்க்குயில்

மாட்டிக்கொள்வான். ஆணின் வயிற்று நுனியிலிருந்து வெளியே வருகிற மயிர்க்கொத்தின் வாசனை, அதே ஆல்கலாய்டிலிருந்து செய்ததுதான். கையிருப்பு குறைந்தால் வாசனையும் குறையும், பெண் மதிக்காது.

ஒளித்திரை

கதை நன்றாக இருக்கிறது, பெயருக்கு வருவோம். யூட்டித்தீசா புல்செல்லா. முடிந்தது. வெள்ளை அடி, சிவப்புப் புள்ளி, கறுப்புப் புள்ளி, பின்னிறக்கையில் நெளிந்த கறுப்புக் கரை, தேள்கொடுக்குச் செடி. ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா, ஆசியா என்று பரந்து கிடக்கிற பூச்சி. வலசையும் போகும், சில ஆண்டுகளில் பிரிட்டன்வரைகூடப் போய்ச் சேரும். பெயருக்கே "குட்டி அழகி" என்றுதான் பொருள். இந்த உரையாடலின் தலைப்பை மாற்றிவிடலாம்.

செதில்

மாற்றாதீர்கள்.

புல்செல்லாவாக இருக்கலாம். ஆனால் ஆசியாவின் வெப்பப் பகுதிகளில் அதே பேரினத்து லோட்ரிக்ஸும் இருக்கிறது, கிழக்கே போகப்போகப் புல்செல்லாய்டிஸும் இருக்கிறது. மூன்றையும் வரிசையாக வைத்தால் அவற்றைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. புல்செல்லாய்டிஸ் என்ற பெயரே "புல்செல்லாவைப் போன்றது" என்றுதான். 1907-இல்தான் பூச்சியியலாளர் ஹாம்ப்சன் அதற்குத் தனிப் பெயர் வைத்தார்.

ஒளித்திரை

புள்ளிகளின் அளவைப் பார்த்துச் சொல்லலாமே. சிவப்புப் புள்ளி பெரிதாக, பட்டை மாதிரி சேர்ந்திருந்தால் ஒன்று, தனித்தனியாக இருந்தால் இன்னொன்று. நான் பத்து வருடமாக வெள்ளைத் துணி கட்டி விளக்கு போட்டு இப்படித்தான் பிரிக்கிறேன்.

செதில்

பத்து வருடமாகப் பிரித்த எதையாவது வயிற்றைத் திறந்து சரிபார்த்தீர்களா?

ஒளித்திரை

இல்லை.

செதில்

அதுதான் சிக்கல். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நானும் இப்படித்தான் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரே தாய் இட்ட முட்டைகளை வளர்த்தபோது ஒன்றுக்குச் சிவப்பு பட்டையாகச் சேர்ந்திருந்தது, இன்னொன்றுக்குப் பொட்டுப் பொட்டாகச் சிதறியிருந்தது. அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

பூச்சியியலாளர் கார்ல் ஜோர்டன் 1939-இல் இந்தப் பழைய உலக (அமெரிக்கக் கண்டங்கள் நீங்கலான) யூட்டித்தீசாக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்த வேறுபாடு நிலையானது, எது ஆளுக்கு ஆள் மாறுவது என்று நீண்ட கட்டுரையே எழுதினார். அப்படி உட்கார்ந்து எழுத வேண்டிய அளவுக்குக் குழப்பமான கூட்டம். நம்பகமான அடையாளம் ஆணின் இனப்பெருக்க உறுப்பிலும் வாசனை உறுப்புகளிலும்தான். அவை படத்தில் விழாது.

இதில் இன்னொரு தலைவலி. சணப்புப் பயிரைத் தின்கிற கம்பளிப்புழு என்று வேளாண் நூல்களில் புல்செல்லா பெயர்தான் இருக்கும். லோட்ரிக்ஸும் கிலுகிலுப்பை, சணப்பு இனத்துச் செடிகளைத்தான் விரும்பித் தின்னும். பெயர் பிரியாத காலத்துப் பதிவுகளில் எது எது என்று இன்று பிரிக்க முடியாது. அந்தப் பூச்சிகளை ஊசி குத்தி யாராவது பெட்டியில் வைத்திருந்தால்தான் வழி. தவறாக ஒரு பெயரை எழுதிவைத்தால் அது நமக்குப் பின்னாலும் இருக்கும்.

மழைத்துளி

லோட்ரிக்ஸ் என்றால் என்ன பொருள்?

செதில்

இலத்தீனில் துணி வெளுக்கிற பெண். ஆர்னாட்ரிக்ஸ் என்றால் எஜமானிக்கு அலங்காரம் செய்து விடுகிறவள்.

கற்றாழை

அட! ஈழத்தில் பட்டாம்பூச்சியை வண்ணாத்திப்பூச்சி என்பார்கள். இலத்தீன்காரருக்கும் அதே நினைப்பு வந்திருக்கிறதே.

ஒளித்திரை

இது எனக்குத் தெரியாது. இரண்டு நாள் கோபத்தையும் மறந்தேன்.

சரி, செடியை வைத்தாவது? தேள்கொடுக்கு என்றால் லோட்ரிக்ஸ் வாய்ப்புக் குறைவு, இல்லையா?

செதில்

குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விட்டில் உட்கார்ந்த செடி வேறு, புழு தின்ற செடி வேறு. தரையில் எழும்பி நாலடி தள்ளி எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உட்காருகிற பூச்சி இது. புழுவைக் கண்டால் பேச்சே வேறு.

நாணல்

புழு கிடைத்துவிட்டது!

தேள்கொடுக்கின் சுருண்ட பூக்காம்பிலேயே இருந்தது, இளங்காய்களைத் தின்றுகொண்டிருந்தது. சாம்பல் கலந்த கறுப்பு உடம்பு, முதுகின் நடுவே வெள்ளைப் பட்டை, பக்கவாட்டிலும் வெள்ளை. ஒவ்வொரு கணுவிலும் குறுக்காக ஆரஞ்சு. அங்கங்கே நீள முடி, ஆனால் கம்பளிப்பூச்சி என்று சொல்கிற அளவுக்கு அடர்த்தி இல்லை, வழுக்கை விழ ஆரம்பித்தவர் தலை மாதிரி. நான்கு புழுக்களை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். எப்படி வளர்ப்பது?

செதில்

அதே செடியைத் தவிர வேறு எதையும் கொடுக்காதீர்கள். இலை மட்டும் போதாது, பூவும் காயும் வேண்டும். நஞ்சு அதிகம் இருப்பது விதையில். ஒரு டப்பாவில் ஒரு புழு. ஒன்றாகப் போட்டால், நஞ்சு போதாத புழு பக்கத்தில் இருக்கும் முட்டையையோ கூட்டுப்புழுவையோ தின்று ஈடுகட்டும். ஆர்னாட்ரிக்ஸில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பசியைவிட நஞ்சுப் பஞ்சம்தான் அதைத் தூண்டுகிறது. கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

நாணல்

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். நான்கில் ஒன்று போய்விட்டது. மூடியில் துளை போட்ட கண்ணாடி ஜாடியில் வைத்திருந்தேன். இலையின் ஈரம் உள்பக்கம் முத்து முத்தாகக் கோத்து நின்றதைப் பார்த்தும், செடி வாடாமல் இருக்கட்டும் என்று விட்டது என் தப்பு. மறுநாள் காலையில் புழு கறுத்து, தொட்டால் நீராக இருந்தது. மற்ற மூன்றையும் வலைத்துணி கட்டிய டப்பாவுக்கு மாற்றி, அடியில் காய்ந்த இலைச்சருகும் காகிதமும் போட்டேன். அதற்கப்புறம் பிரச்சினை இல்லை.

இப்போது மூன்றும் சருகுக்குள் இறங்கி, நாலைந்து இழையை மட்டும் இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே கிடக்கின்றன. பட்டுப்பூச்சிக் கூடு மாதிரி எதிர்பார்த்தேன். இது கூடே இல்லை, கொசுவலையின் கிழிந்த மூலை. உள்ளே இருப்பது பளபளவென்று தெரிகிறது.

ஒளித்திரை

அது போதும் அதற்கு. தின்ன வருகிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியட்டுமே.

நாணல்

9ஆம் நாள் காலை, ஒன்று வெளியே வந்துவிட்டது. கசங்கிய துணி மாதிரி இருந்த இறக்கை கண்ணெதிரே விரிந்தது. புள்ளிகள் முதலில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. இறக்கை விரிய விரிய ஒன்றையொன்று விட்டு விலகி அதனதன் இடத்துக்குப் போயின. மதியம் இரண்டாவது வந்தது. இரண்டுக்கும் புள்ளி ஒரே மாதிரி இல்லை. செதில் ஐயா சொன்னது சரி.

புதர்க்குயில்

வாழ்த்துகள். இனி பெயருக்கு ஒரே வழி, ஒன்றைப் பாடம்பண்ணி வயிற்று நுனியைப் பார்ப்பது.

மழைத்துளி

கொல்லவா? வளர்த்துவிட்டா?

புதர்க்குயில்

அறிவியலுக்கு மாதிரி எடுப்பது காலங்காலமாக நடப்பதுதான். விளக்கில் ஒரு இரவுக்கு இதைவிட அதிகம் சாகிறது.

நாணல்

நான் மாட்டேன். இரண்டையும் மாலையிலேயே தேள்கொடுக்குப் புதரில் விட்டுவிட்டேன். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. மூன்றாவது இன்னும் கூட்டுக்குள் இருக்கிறது.

செதில்

நல்லது செய்தீர்கள். கொல்லாமலும் வழி உண்டு. விட்டிலின் ஆயுள் குறைவு, வெளிவிளக்கின் அடியிலோ ஜன்னல் மாடத்திலோ தானாகச் செத்தது கிடைக்கும். கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள், காகிதத்தில் மடித்து, பிடித்த தேதியும் செடியும் எழுதி வையுங்கள். உலர்ந்திருந்தாலும் பரவாயில்லை, ஊறவைத்துப் பார்க்கலாம். எனக்கு அனுப்புங்கள். ஆணாக இருந்தால் ஒரு மணி நேர வேலை.

நாணல்

சொல்லி வைத்த மாதிரி நடந்தது. மூன்றாவது நேற்று இரவு வெளியே வந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. ஒரு பக்க இறக்கை டப்பாவின் ஓரத்தில் சிக்கி விரியவே இல்லை. பறக்க முடியாமல் நடந்துகொண்டே இருந்தது, இன்று காலை பார்த்தால் இறந்து கிடந்தது. வருத்தம்தான். மடித்து வைத்திருக்கிறேன்.

அனுப்புவதற்கு முன் ஆணா பெண்ணா என்று நானே பார்க்க முடியுமா?

செதில்

முடியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். நன்றாக விரிந்த பக்கத்துப் பின்னிறக்கையை மெதுவாகத் தூக்கி, உடம்போடு சேருகிற மேல் மூலையைப் பாருங்கள். முன்னிறக்கையோடு கோத்துக்கொள்ள ஒரு முள் இருக்கும். ஆணுக்கு ஒரே முள், தடியாக. பெண்ணுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மெல்லிய முட்கள்.

நாணல்

மூன்று. நான்கு தடவை எண்ணிவிட்டேன். மூன்றுதான்.

ஒளித்திரை

ஹா! பெண்.

செதில்

அடக் கடவுளே. பெண்ணின் உறுப்பையும் பார்க்கலாம், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் இருக்கிற கண்ணாடித் தகடுகள் எல்லாமே ஆண்கள்தான். அனுப்பி வையுங்கள், எடுத்து வைக்கிறேன். என்றாவது ஒப்பிட ஒன்று கிடைக்கும்.

தலைப்பை "யூட்டித்தீசா, இனம் உறுதியாகவில்லை, தேள்கொடுக்கில் வளர்க்கப்பட்டது" என்று மாற்றுகிறேன். ஒளித்திரை, ஆட்சேபணை உண்டா?

ஒளித்திரை

இல்லை. புல்செல்லாவாகத்தான் இருக்கும் என்ற என் பந்தயம் மட்டும் அப்படியே இருக்கட்டும். என் பத்து வருடப் பட்டியலிலும் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறேன். 41 பதிவு. ஒவ்வொன்றிலும் இனப்பெயரை அழித்துவிட்டு வெறும் பேரினம் போடுவது பல் பிடுங்குகிற மாதிரி இருக்கிறது.

நாணல்

காலையில் அந்தப் பக்கம் போனேன். காலடியில் வெள்ளையாக எழும்பியது ஒன்று, நாலடி தள்ளி உட்கார்ந்தது. நான் விட்டதா வேறா என்று தெரியவில்லை. இந்தத் தடவை படம் எடுக்கவில்லை. அந்தப் பூக்காம்பில் இன்னும் இரண்டு புழு இருக்கிறது. டப்பாவைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.

செதில்

இந்தத் தடவை பெரிய டப்பா.